சவரக்கத்திப் புராணம்

வடசென்னையின் இராயபுரத்துக்கு அப்பெயர் வந்த விதம் நம் வாசகர்களில் பலர் அறிந்ததே. புனித பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்தனர். கப்பல்கள் கரைக்கு எட்டாத தொலைவில் நங்கூரமிட்டு நின்ற காலத்தில், அலைகளின் மேல் படகோட்டிச் சரக்கைக் கரை சேர்த்துப் பிழைத்த மக்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவருக்கு ஓர் ஆலயம் எழுப்பினர். அவர் பெயரே ஊருக்கும் நிலைத்தது.

அந்த இராயப்பரைப் பற்றி நற்செய்தி சொல்லும் செய்தி ஒன்றை, அவ்வூரின் முடிதிருத்தும் நிலையங்களில் அமரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வதுண்டு. நம் ஆண்டவரைப் பிடிக்க வந்த இரவில் அவர் வாளை உருவி, தலைமைக்குருவின் ஊழியனாகிய மால்குஸின் வலக்காதை வெட்டிவிட்டார். பாவம், மீனவர், அவர் கை மீனுக்குப் பழகியது, காதுக்குப் பழகியதன்று. ஆண்டவரோ வாளை உறையிலே போடும்படி அவரைக் கடிந்துகொண்டார். அவர் பெயரைத் தாங்கிய ஊரிலே, காதைச் சுற்றி நான்கு புறமும் கத்தியை ஓட்டியும் காதை மட்டும் அதன் இடத்திலேயே விட்டுவைக்கும் அரிய கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் முடிதிருத்துவோர். அவர்கள் கையிலிருந்த மடக்குக் கத்தியோ வேலை முடிந்ததும் தன் பிடிக்குள் தானே மடங்கி உறங்கிவிடும். ஆண்டவரின் கட்டளைக்கு இவ்வளவு ஒழுங்காகக் கீழ்ப்படிந்த ஆயுதம் உலகில் வேறு இல்லை என்பது என் துணிபு.

உறங்கிவிடும் என்று சொன்னது வெறும் அலங்காரத்துக்காக அன்று. சவரக்கத்தியை உயிருள்ள ஒன்றாகவே நம் மொழி கருதியிருக்கிறது. கத்திக்கு முதுகு உண்டு, மூக்கு உண்டு, வாயும் உண்டு. அதன் தகட்டை அலகு என்கிறோம். பறவையின் மூக்குக்கும் அதுதான் பெயர். ஈட்டிக்கும் கோடரிக்கும் இல்லாத மற்றோர் உறுப்பு நல்ல சவரக்கத்திக்கு இருந்தது. அதுதான் வயிறு. இரு பக்கமும் குழிவாகத் தேய்த்தெடுத்திருப்பதால், ஒரு சந்தி உபவாசம் நாற்பது நாள் நீண்டுவிட்டாற்போல் அதன் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். வயிறு ஒட்டியவனுக்குப் பசி அதிகம் அன்றோ? சவரக்கத்திக்கும் அப்படியே. அதற்கு வேளை தவறாமல் உணவிட வேண்டும்.

அதன் உணவு தோல். கல்மண்டபத்துக்கு அருகே ஒரு சந்தில் முதியவர் ஒருவர் நடத்தும் கடையில், நாற்காலியின் கைப்பிடியில் அந்தத் தோல்வார் இன்றும் தொங்குகிறது. சாணைக்கல்லில் தேய்க்கும்போது வாய் முன்னே செல்லும், முதுகு பின்னே வரும். தோல்வாரில் தீட்டும்போது இது தலைகீழாகும். முதுகு முன்னே, வாய் பின்னே. மறந்துபோய் மாற்றித் தீட்டினால் கத்தி தன் சோற்றுத்தட்டையே அறுத்துவிடும். கல் மருந்து போன்றது. எப்போதாவதுதான் கொடுக்கலாம், அதிகமானால் ஆளையே தேய்த்துவிடும். தோலோ அன்றாட ஆகாரம். சிலர் கடைசிக் கவளத்தை உள்ளங்கையிலேயே ஊட்டுவார்கள். உள்ளங்கையில் கத்தியைத் தீட்டும் அந்த ‘சர்க் சர்க்’ ஓசையைக் கேட்டுக்கொண்டு வரிசையில் காத்திருந்த சிறுவர்களுக்கு, ஆசிரியரின் பிரம்பைவிட அதுவே பெரிய பயமாயிருந்தது.

இவ்வளவு மென்மையான முடியை அறுக்கும் எஃகுக்கு ஏன் இத்தனை உபசாரம் என்று கேட்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் இதற்கு விடை கண்டனர். முடி எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. ஆயினும் சாய்வாக வளையும் ஒரு முடி, எஃகின் நுண்ணமைப்பு சீரில்லாத இடத்தில் பட்டுவிட்டால், அந்த ஓரத்திலிருந்து ஒரு துணுக்கைப் பெயர்த்தெடுத்து விடுகிறதாம். மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்து அவர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். நுண்ணோக்கி இல்லாமலே நம் நாவிதர்கள் இதை ஒரு வார்த்தையில் சொல்லி வந்தார்கள்: “கத்தி களைச்சுப் போச்சு சார்.” களைத்த கத்தியை மடக்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார்கள். ஐரோப்பாவின் செல்வந்தர்கள் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக ஏழு கத்திகள் அடங்கிய பேழையை வைத்திருந்ததும் இதற்காகத்தான். நம் ஊர்க் கத்திக்கு அவ்வளவு சொகுசு இல்லை. அதற்கு வாரத்தில் ஒரே விடுமுறை, செவ்வாய்க்கிழமை. ஞாயிறு நமக்கு ஓய்வுநாள். ஆனால் பூசைக்குப் போகுமுன் மழமழவென்று கன்னம் தேவைப்படுவதால் சனிக்கிழமை மாலையும் ஞாயிறு காலையும் கத்திக்குக் கடும் உழைப்பு. கடலுக்குப் போய்வரும் காசிமேட்டு மீனவரின் ஒரு வாரத் தாடி, உப்பும் வெயிலும் ஏறித் தென்னை நார்போல் ஆகியிருக்கும். அதைச் சந்தித்த கத்தி செவ்வாய்க்கிழமையை எவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மேலும் ஆண்டில் இரண்டு நோன்புக் காலங்கள் அதற்கு உண்டு. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலையிட்டவர்கள் தாடி வளர்ப்பார்கள். நம்மவரிலும் தவக்காலத்தில் சவரம் துறப்போர் சிலர் உண்டு. மனிதர் விரதம் இருக்க, அவர்களுக்குப் பதிலாகக் கத்தி பட்டினி கிடக்கும்.

இனிக் கத்தியின் குலம் கோத்திரத்தைச் சற்று விசாரிப்போம். அலகின் வாலைப் பார்த்தால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு அல்லது ஜெர்மனியின் சோலிங்கன் என்ற ஊர்ப்பெயர் பொறித்திருக்கும். சீமைக்கத்தி என்று அதற்குப் பெரிய மதிப்பு. ஆனால் பாட்டன் பூட்டன் பெயரைக் கேட்டால் கதை வேறுவிதமாகப் போகிறது. கொங்கு நாட்டின் கொடுமணலில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எஃகு உருக்கிய உலைகளின் அடையாளங்களை அகழ்வாய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் பம்பாயிலிருந்து இந்திய எஃகின் கட்டிகளை லண்டனுக்கு அனுப்பினார். (நம் துறைமுகத்துக்கு அந்தப் பெருமை கிட்டவில்லை, என்ன செய்வது!) 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். அவர்கள் அதை ‘ஊட்ஸ்’ என்றார்கள். நம் உருக்கு, கன்னடத்து உக்கு ஆகிய சொற்களில் ஒன்றே அப்படிச் சிதைந்தது என்பர். லண்டன் நகரில் கத்தியும் அறுவைக் கருவியும் செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் மிகச் சிறந்த எஃகைவிட இந்த இந்திய எஃகே தமக்கு உகந்தது என்று தம் வணிக அட்டையிலேயே அச்சிட்டுக்கொண்டார். பின்னர் அவரும், மின்சார ஆராய்ச்சியால் உலகப்புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820-இல் வெளியிட்டார்கள். அந்த எஃகால் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே தம் நண்பர்களுக்குப் பரிசளித்தாராம். கிறிஸ்துமஸ் கேக்கைவிட நீடித்த பரிசு.

மற்றொரு உறவும் உண்டு. சென்னை அரசாங்கத்தில் கும்பினி அலுவலராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். பிறகு அவர் ஷெஃபீல்டுக்குப் போய், வார்ப்பெஃகு செய்யும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டுக்காரர்கள் முறையை எடுத்துக்கொண்டு காப்புரிமையை மட்டும் விட்டுவிட, அவர் பல ஆண்டுகள் வழக்காட நேர்ந்தது. ஆகவே இராயபுரத்து நாவிதரின் அடைப்பத்தில் கிடந்த சீமைக்கத்தியைச் சீமைக்குப் போய்ப் படித்துப் பேர் மாற்றிக்கொண்டு திரும்பிய நம் ஊர்ப் பிள்ளையின் பேரன் என்று சொன்னால் அது பெரிய பொய்யாகாது. அடைப்பம் என்ற சொல் இளைய வாசகர்களுக்குப் புதிதாயிருக்கலாம். நாவிதர் தம் கருவிகளை வைத்திருக்கும் பை அது. கத்தி குடும்பத்தின் வீடு.

அந்தக் குடும்பத்தின் குணம் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. சவரக்கத்தி ஏகபத்தினி விரதம் கொண்டது. ஒரு கைக்குப் பழகிவிட்டால் இன்னொரு கையைச் சகிக்காது. நான் சொன்ன கல்மண்டபத்து முதியவரின் கத்தியை ஆவல் மிகுதியால் எடுக்கப் போனேன். “தொடாதீங்க சார், கோவிச்சுக்கும்” என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. ஒருவர் தீட்டும் சாய்வு, அழுத்தம், வேகம் இவற்றுக்கு ஏற்பவே அதன் வாய் உருவாகியிருக்கும் என்றும், மகனே எடுத்தாலும் அது ஒரு வாரம் ‘கடிக்கும்’ என்றும் விளக்கினார்.

இப்படிப்பட்ட பிராணியிடம் நாம் கொடுத்தது எதை? கழுத்தை. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, குரல்வளையை அந்நியர் ஒருவரிடம் நீட்டிவிட்டு அரைத்தூக்கத்தில் ஆழ்ந்துவிடும் இடம் உலகத்தில் வேறு ஏது? அறுவை மருத்துவர்கூட மயக்க மருந்து கொடுத்த பின்தான் கத்தியை எடுக்கிறார். அவ்வளவு நம்பிக்கை வைத்த அதே சமூகம், கிராமங்களில் அந்த மனிதரைப் புழக்கடை வழியாக வரச் சொன்னது; திண்ணையில் உட்காரவும் விடவில்லை. அவர் வீட்டுப் பெண்கள்தாம் மருத்துவச்சிகளாக நின்று ஊர்க் குழந்தைகளை உலகத்துக்கு எடுத்துக் கொடுத்தவர்கள். பிறக்கும்போது அவர்கள் கை வேண்டும், பிறகு அந்தக் கை வாசற்படியைத் தொடக்கூடாது! விவிலியத்தைப் பாருங்கள்: சிம்சோனின் ஏழு சடைகளையும் மழிப்பதற்கு ஆள் அழைக்கப்பட்டான். தெலீலாளின் பெயர் குழந்தைகளுக்கும் தெரியும். கத்தி பிடித்தவன் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

பட்டணத்துச் சலூன் இதை ஓரளவு மாற்றியது. கப்பல்துறைக் கூலியும், இரயில்வே குமாஸ்தாவும் ஒரே பெஞ்சில் காத்திருந்தார்கள். தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் இந்த இராயபுரம் நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது என்பதால், இங்கே இரயில்வே குடும்பங்களுக்குக் குறைவில்லை. அந்தப் பெஞ்சின்மேல் செய்தித்தாள் கிடந்தது. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், தெரியாதவர் கேட்பார். இராயபுரத்து ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், ஒரு புதிய கட்சியின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் தமிழ்நாட்டு அரசியலில் பாதி சலூன்களில்தான் விவாதிக்கப்பட்டது. அந்த விவாதங்களில் கடைக்காரரே பெரும்பாலும் வென்றார். கழுத்தில் கத்தி இருக்கும்போது எதிர்க்கட்சி வரிசையில் அமர யாருக்குத் துணிவு வரும்?

திருவொற்றியூருக்குப் போக 2021 முதல் மெட்ரோ இரயில் இருக்கிறது. ஆயினும் நெடுஞ்சாலை வழியே பேருந்தில் போனால்தான் இந்தப் பகுதியின் முகம் தெரியும். ஒரு பக்கம் கடல். கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். மறுபக்கம் ஆலைகளின் மதில்கள். திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனத்தின் ஆங்கிலேய மூதாதையர், இங்கிலாந்தில் 1851 முதல் தையல் ஊசி செய்தவர்கள். ஊசி, கத்திக்குப் பங்காளி முறை. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயர் இன்று மெட்ரோ நிலையத்தின் பெயராக எஞ்சியிருக்கிறது. இந்த ஆலைகளின் சங்கொலியை வைத்தே சலூன்கள் நேரத்தைக் கணக்கிட்டன. ஒரு ஷிப்ட் முடிந்து மறு ஷிப்ட் தொடங்கும் வேளையில் எத்தனை முகங்கள் வருமோ அத்தனைக்கும் ஒரே கத்தி. ஒரு முகம் முடிந்ததும் கிண்ணத்து நீரில் ஒரு முழுக்கு, துண்டில் ஒரு துடைப்பு, தோலில் நாலு தீட்டு, அடுத்த முகம்.

இங்கேதான் நம் கதாநாயகனின் வீழ்ச்சி தொடங்குகிறது. 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்நகரில் திரட்டிய இரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, அவற்றுள் ஆறில் எய்ட்ஸ் நோய்க்கிருமியின் அடையாளம் தெரிந்தது. இந்தியாவில் அதுவே முதல் முறை. செய்தி பரவப் பரவ, மக்களின் கண் சலூன் கத்தியின்மேல் விழுந்தது. உண்மையில் சவரக்கத்தியால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. அக்கிருமி உடலுக்கு வெளியே எளிதில் வலுவிழந்துவிடும். ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி அப்படியன்று. உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் அது உயிரோடிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும். ஒருவர் இரத்தத்தின் இரகசியத்தை அடுத்தவர் இரத்தத்திடம் போய்ச் சொல்லிவிடும் கோள்சொல்லியாக நம் கத்தி இருந்திருக்கிறது. படிகாரக் கட்டி அதன் வாயை அடைத்துவிடும் என்று நாம் நம்பியிருந்தோம். அது இரத்தக் கசிவை நிறுத்தும், கோளை நிறுத்தாது.

ஆகவே கத்தி ஓய்வு பெற்றது. பழைய கத்திக்காக இரங்கி எழுதும் சிலரைப் போல நானும் இரங்கப் போவதில்லை. சென்றது நன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று சலூனில் உட்காரும்போது ஆளுக்கொரு புது பிளேடு கிடைக்கிறதா என்று பெற்றோர் பார்த்துக்கொள்வது அவசியம். கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை. நல்ல கடைக்காரர் நம் கண்ணெதிரிலேயே உறையைப் பிரிப்பார்.

அமெரிக்கரான கிங் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற மெல்லிய பிளேடின் சந்ததி இது. அதைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பழைய கத்தியின் வடிவிலேயே செய்த கைப்பிடியில் செருகுகிறார்கள். முதுகும் வாலும் அப்படியே. வாய் மட்டும் ஒவ்வொரு முகத்துக்கும் புதிது. திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை சித்தர்களுக்குக் கைவந்தது என்பார்கள். இங்கே கூடு நிலையாக இருக்க, உயிர்தான் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிளேடுக்குப் பசியில்லை, களைப்பில்லை, கோபமுமில்லை. யார் கையிலும் ஒரே மாதிரி உழைத்துவிட்டுக் குப்பைக்குப் போகிறது. தமிழுக்கு அது தந்த கொடை ஒன்றுதான்: சலிப்பூட்டிப் பேசுகிறவரை ‘பிளேடு போடுகிறார்’ என்கிறோம். சவரக்கத்தியின் ஆட்சியில் அப்படியொரு வழக்கு எழவேயில்லை. (எந்தப் பிரசங்கத்தையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை என்று ஆசிரியருக்கு உறுதி கூறுகிறேன்.)

போனது கத்தி மட்டுமா? சாணைச் சக்கரத்தைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக வந்தவரின் பிழைப்பிலும் ஒரு பகுதி போயிற்று. தீட்டக் கற்பதே தொழில் கற்பதில் பாதி என்றிருந்த நிலை மாறி, இளைஞர்கள் அந்தப் பாதியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிய ஒரு செல்வத்துக்கு வாரிசில்லாமல் போயிற்று.

எண்ணூரில் இந்தப் பயணம் முடிகிறது. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம், உப்புக் காற்று, 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட அனல்மின் நிலையம். இந்தக் காற்றில் சவரக்கத்திக்கு ஆஸ்துமா வரும். ஓர் இரவு எண்ணெய் பூசாமல் விட்டால் காலையில் செம்புள்ளி விழுந்துவிடும். மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். குழந்தையைப் போல் துணியில் சுற்றி வைக்க வேண்டும். கடலோரத்துக் கடை ஒன்றில், வேளாங்கண்ணி மாதாவின் படமும் முருகன் நாட்காட்டியும் அருகருகே தொங்கும் சுவருக்குக் கீழே, கடைக்காரர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து தம் தந்தையின் கத்தியைக் காட்டினார். அலகு தேய்ந்து பாதியாகிவிட்டது; பிடியின் ஆணி ஒன்று மாற்றப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளாக அது ஒரு முகத்தையும் தொட்டதில்லையாம். ஆனால் ஒரு செம்புள்ளி இல்லை.

என்னோடு பேசிக்கொண்டே அதை விரித்து, நாற்காலியில் கட்டியிருந்த தோலில் முதுகு முன்னும் வாய் பின்னுமாக நிதானமாக ஏழெட்டு முறை தீட்டினார்.

“யாருக்கும் சவரம் செய்யப் போறதில்லையே, அப்புறம் எதுக்குங்க தீட்டுறீங்க?” என்று கேட்டேன்.

“பசிக்குமே சார்” என்றார்.

பிறகு அதற்கு எண்ணெய் தடவி, மடக்கி, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, புது பிளேடு ஒன்றைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்துக்கொண்டே, “அடுத்தது யாருப்பா?” என்று பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.